ஏழிசை மன்னர் தியாகராஜ பாகவதர்

தோற்றுவாய்

செல்வம் நிலையாது, புகழ் ஒன்றே நிலைக்கும் என்பது நம் முன்னோர் வழிவழியாக உரைத்துவரும் அறிவுரை. ஆயினும், ஒருவன் உயிரோடிருக்கும் காலத்திலேயே அவனுடைய புகழும் அவனை விட்டு விலகுதல் கூடுமோ என்று வினவுவோர்க்குக் கூடும் என்றே விடை கூறவேண்டியிருக்கின்றது. அங்ஙனம் விலகிய புகழ் அவன் மறைந்த பின்னர்த் திரும்பி வருதலும் உண்டு. இவ்விரண்டினையும் ஒருவர் வாழ்க்கையிலேயே காணவேண்டுவோர் எம். கே. தியாகராஜ பாகவதரின் வரலாற்றைக் கற்பாராக.

நாம் வாழும் கொடுங்கையூரில், சில ஆண்டுகளுக்கு முன் காலஞ்சென்ற முதியவர் ஒருவர் இருந்தார். பெரம்பூர்ப் பஞ்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். அவர் சிறுவனாயிருந்தபோது தம் தமையனார் தோளிலும் தம் காலிலுமாக எருக்கஞ்சேரி, வியாசர்பாடி, பேசின் பாலம் ஆகிய இடங்களைக் கடந்து பிராட்வே கொட்டகைக்குச் சென்று, தரையில் அமர்ந்து, பாகவதர் பாடக் கேட்ட கதையை மாலைதோறும் எங்களுக்குச் சொல்லுவார். சொல்லும்போதே அவர் குரல் தழுதழுக்கும். பாகவதர் பாடியதைவிட, அவர் பாடிக்கொண்டிருந்த அதே வேளையில் சிறையில் இருந்தார் என்பதனைச் சொல்லும் இடத்திலேதான் அம்முதியவர் ஒவ்வொரு முறையும் கதையை நிறுத்திவிடுவார். அவர் நிறுத்திய இடத்தில் நமக்கு எழுந்த வினாக்களே இக்கட்டுரை எழுதக் காரணமாயின.

பிறப்பும் இளமையும்

இந்நாளில் மயிலாடுதுறை என வழங்கும் மாயவரத்தில், 1910ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாளில், பொற்கொல்லர் மரபில் கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி என்பார்க்கு மைந்தராகத் தியாகராஜர் தோன்றினார். குடும்பம் பின்னர்த் திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் நகைத்தொழிலில் மைந்தரைப் பழக்க எண்ணினார் போலும். மைந்தரின் உள்ளமோ பொன்னிலும் பள்ளிப் பாடத்திலும் பொருந்தாது பாட்டிலேயே பொருந்தி நின்றது. பாட்டை விட மனமின்றி ஒருமுறை அவர் வீட்டை விட்டு ஓடிப்போனார் என்றும், தேடிச் சென்ற தந்தையார் நெடுந்தொலைவிலுள்ள கடப்பையில் ஒரு பெருங்கூட்டத்தின் நடுவே அவர் பாடிக்கொண்டிருக்கக் கண்டார் என்றும், அக்காட்சியே தந்தையின் சினத்தைத் தணித்து இசை பயில உடன்படச் செய்தது என்றும் கூறுவர்.

அக்காலத்தில் திருச்சிராப்பள்ளியில் ரசிக ரஞ்சன சபையை நிறுவி நடத்தியவர் எப். ஜி. நடேச ஐயர் ஆவர். இருப்புப்பாதை அலுவலில் உயர்ந்த பதவி வகித்த அப்பெரியார் நாடகக் கலையில் நீங்காத பற்றுடையவர். சிறுவனின் குரலைக் கேட்ட அவர் அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசனாக அவனை மேடையேற்றினார். பாம்பு தீண்டி இறக்கும் அச்சிறுவனின் வேடம், காண்போர் கண்ணீரை எளிதில் வரவழைப்பது. அவ்வேடத்தில் பத்து வயதளவினனாகிய பிள்ளை பாடிய பாட்டுத் திருச்சி நகரத்தாரின் நெஞ்சில் பதிந்தது.

பின்னர் மதுரை பொன்னு ஐயங்கார் என்னும் பிடில் வித்துவானிடம் தியாகராஜர் முறையாக இசை பயின்றார். நடிப்பையும் தனியே பயின்றார். பயிற்சி முடிந்து அரங்கேறியபோது கஞ்சிராக் கலையில் இணையற்று விளங்கிய புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை அவரை வாழ்த்திப் பாகவதர் என்னும் பட்டத்தை அளித்தனர் என்பர். அன்று முதல் அப்பட்டமே அவருக்குப் பெயராயிற்று. தமிழ்நாட்டில் பாகவதர்கள் பலர் இருந்தனர். எனினும் அடைமொழியின்றிப் பாகவதர் என்று சொன்ன அளவில் மக்கள் உள்ளத்தில் தோன்றியவர் இவர் ஒருவரே.

நாடக மேடை

இந்நாளில் ஒலிபெருக்கியின்றி ஒரு சிறு கூட்டமும் நடைபெறுவதில்லை. அந்நாளைய நாடக மேடையிலோ அத்தகைய துணை ஒன்றும் இல்லை. கீற்றுக் கொட்டகையில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடைபெறும் நாடகத்தில், கடைசி வரிசையில் மண்தரையில் அமர்ந்திருப்போன் செவிக்கும் ஒவ்வொரு சொல்லும் எட்டவேண்டும். ஆதலின் நடிகர் உச்ச சுருதியில் பாடவேண்டியவராயினர். உச்ச சுருதியில் பாடுவோர் பலர்க்குக் குரலின் இனிமை குன்றும்; இனிமை பேணுவோர்க்குக் குரல் எட்டாது. இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்தவர் மிகச் சிலர். செங்கோட்டையிற் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா அவருள் முதல்வர். அவர் 1933ஆம் ஆண்டு தம் இருபத்தேழாம் வயதில் மறைந்தபோது தமிழ்நாட்டு நாடகமேடை இருளடைந்தது. அந்த இருளில் எழுந்த அடுத்த ஒளி பாகவதர் எனலாம்.

மகாபாரதக் கிளைக்கதையாகிய பவளக்கொடி நாடகத்தில் பாகவதர் அருச்சுனனாகவும், எஸ். டி. சுப்புலட்சுமி அம்மையார் பவளக்கொடியாகவும் நடித்துப் பெருமை பெற்றனர். ஊர்தோறும் அந்நாடகத்திற்கு மக்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தனர். இச்செல்வாக்கே இருவரையும் பேசும் படத்திற்கு இட்டுச்சென்றது.

பேசும் படம்

தமிழில் முதற் பேசும் படமாகிய காளிதாஸ் 1931ஆம் ஆண்டு வெளிவந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1934இல், கே. சுப்பிரமணியம் இயக்கிய முதற் படமாகப் பவளக்கொடி வெளிவந்தது. பாகவதர்க்கும் அதுவே முதற் படம். அடையாற்றில் இருந்த மீனாட்சி சினிடோன் என்னும் படப்பிடிப்பு நிலையத்தில் திறந்த வெளியில், கதிரவன் ஒளியிலேயே அப்படம் எடுக்கப்பட்டது. மேகம் மறைத்தால் வேலை நிற்கும். மேகம் விலகினால் வேலை தொடரும். நண்பகல் உணவின் மிச்சிலை நாடிவந்த காக்கைகள் கரைந்து ஒலிப்பதிவைக் கெடுத்தமையால், அவற்றை ஓட்டுதற்கென்றே துப்பாக்கியோடு ஓர் ஆளை அமர்த்தினர் என்று அக்கால வரலாறு எழுதியோர் குறித்துள்ளனர்.

இது நகைப்புக்குரிய செய்தியன்று. பின்னணிப் பாட்டு என்னும் முறை அப்போது இல்லை. நடிகரே பாடவேண்டும், நடித்துக்கொண்டே பாடவேண்டும், பாடும்பொழுதே படமும் ஒலியும் ஒருங்கு பதிவாகும். பக்கவாத்தியக்காரர் படக்கருவியின் பார்வைக்கு அப்பால் மறைவாக நின்று வாசிப்பர். ஒரு காக்கை கரைந்தால் பாட்டு முழுவதையும் மீண்டும் பாடவேண்டும். ஏறத்தாழ 50 பாட்டுக்களைக் கொண்ட பவளக்கொடி இவ்வாறு எடுக்கப்பட்டதென்றால், அதில் பாடிய பாகவதரின் குரல்வளம் எத்தகையது என்பதை நாம் உய்த்துணரலாம்.

பாபநாசம் சிவன் பாகவதர்க்குப் பாட்டியற்றத் தொடங்கியதும் அப்படத்திலேயே. கருநாடக இசையின் இராகங்களை, அவற்றின் தூய்மை கெடாமல், பாமரனும் ஒருமுறை கேட்ட அளவில் முணுமுணுக்கும் வண்ணம் எளிய தமிழ்ச் சொற்களில் அமைத்துத் தந்தவர் சிவன். அவற்றை நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுசேர்த்தவர் பாகவதர். பின்னர் இசையமைப்பாளர் ஜி. இராமநாதனும் இவ்விருவரோடு சேர்ந்தனர். சபைகளில் கட்டணம் கொடுத்துக் கச்சேரி கேட்கும் வாய்ப்பற்ற உழைப்பாளி மக்கள், காம்போதி என்றும் சாருகேசி என்றும் பெயர் அறியாமலே அவ்விராகங்களின் சுவையை அறிந்தது இம்மூவரின் தொண்டினால் என்று நாம் துணிந்து கூறுவோம்.

புகழின் உச்சி

பவளக்கொடியை அடுத்து நவீன சாரங்கதாரா, சத்தியசீலன் ஆகிய படங்கள் வந்தன. 1937ஆம் ஆண்டு பாகவதரின் வாழ்வில் பொன்னாண்டாயிற்று. அவ்வாண்டில் ஒய். வி. ராவ் இயக்கிய சிந்தாமணியும், எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய அம்பிகாபதியும் வெளிவந்தன. கணிகை மீது கொண்ட காதலால் அறிவிழந்து, பின் கண்ணிழந்து, கண்ணன் அடியாரான பில்வமங்களரின் கதை சிந்தாமணி. ஒரே கொட்டகையில் ஓராண்டு ஓடிய முதல் தமிழ்ப் படம் என்னும் பெயரை அது பெற்றது. அதன் ஊதியத்தைக் கொண்டு மதுரையில் அப்பெயராலேயே ஒரு படக்கொட்டகை எழுப்பினர் என்றால் அதன் வெற்றியை அளந்துகொள்ளலாம். அம்பிகாபதியோ கம்பர் மைந்தனும் சோழன் மகளும் கொண்ட காதலைக் கூறுவது. அதனை இயக்கிய டங்கன் அமெரிக்கர், தமிழ் அறியாதவர். உரையாடல் எழுதிய இளங்கோவனின் தமிழ் அதன்கண் புதுமணம் வீசிற்று.

1939இல் திருநீலகண்டர், 1941இல் அசோக்குமார், 1943இல் சிவகவி எனப் படங்கள் தொடர்ந்தன. அசோகனின் மைந்தன் குணாளனாக வந்து கண்ணிழந்து பாடிய காட்சியில் மகளிர் விம்மி அழுதனர். பாகவதரைப் போல் முடியைப் பின்னே வளரவிட்டுச் சீவுதல் இளைஞரிடையே வழக்கமாகிப் பாகவதர் கிராப்பு என்று பெயர் பெற்றது. அவர் இரயிலில் செல்லும் செய்தி கசிந்தால் வழியிலுள்ள நிலையங்களில் மக்கள் நள்ளிரவிலும் திரண்டு நிற்பர். பட்டுச் சட்டையும் ஒளிவீசும் வைரக் கடுக்கனும் ஜவ்வாது மணமுமாக அவர் தோன்றுவதைக் கண்டோர் அதனைப் பேறாகவே கருதினர். திருச்சி மாளிகையில் பொற்றட்டில் உண்டார் என்றும் சொல்வதுண்டு. அக்கதை மெய்யோ அன்றோ, அதனை மக்கள் விரும்பி நம்பினர் என்பது மெய். தம்மைப் போன்ற எளிய குடியிற் பிறந்தான் ஒருவன் அரசனைப்போல் வாழ்வதில் அவர்கள் தாமே வாழ்வதாக மகிழ்ந்தனர்.

இவ்வுச்சியின் உச்சியாக, 1944ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில் ஹரிதாஸ் வெளிவந்தது. இன்ப வேட்கையில் மூழ்கிப் பெற்றோரைப் புறக்கணித்த மைந்தன், செல்வம் இழந்து, கால்கள் இழந்து, இறுதியில் பெற்றோர் திருவடியே தெய்வமெனத் தெளியும் கதை அது. சுந்தர் ராவ் நட்கர்ணி இயக்க, டி. ஆர். ராஜகுமாரியும் என். சி. வசந்தகோகிலமும் உடன் நடித்தனர். சென்னைப் பிராட்வே கொட்டகையில் அப்படம் ஏறத்தாழ 110 வாரங்கள் ஓடியது. மூன்று தீபாவளிகளைக் கண்டது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும், ராயபுரத்து மீனவரும், பெரம்பூர் ஆலைத் தொழிலாளரும், கொடுங்கையூரிலிருந்து நடந்து சென்ற நம் முதியவர் போன்ற சிறுவரும் அதனை மீண்டும் மீண்டும் கண்டனர்.

வீழ்ச்சி

ஹரிதாஸ் வெளிவந்து ஒரு திங்கள் நிறைவதற்குள் பாகவதரின் வாழ்வைக் கவிழ்த்த நிகழ்ச்சி நேர்ந்தது. லட்சுமிகாந்தன் என்னும் பத்திரிகையாளர் ஒருவர் சென்னையில் இருந்தார். பொய்யாவணம் புனைந்த குற்றத்திற்காக முன்னரே தண்டனை அடைந்தவர் அவர். சினிமா தூது என்னும் பத்திரிகையைத் தொடங்கி, நடிகர் நடிகையரின் தனிவாழ்க்கையைப் பற்றி இழிவான செய்திகளை எழுதிப் பொருளீட்டினார். பாகவதரும், நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும், படமுதலாளி ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னரிடம் முறையிட, அப்பத்திரிகையின் உரிமம் நீக்கப்பட்டது. லட்சுமிகாந்தன் அதனோடு அமையாமல் இந்து நேசன் என்னும் வேறொரு பத்திரிகையைக் கைக்கொண்டு முன்போலவே எழுதலானார்.

1944 நவம்பர் 8ஆம் நாள் காலை, வேப்பேரியில் ரிக்‌ஷாவில் சென்றுகொண்டிருந்த அவரைச் சிலர் கத்தியாற் குத்தினர். மறுநாள் அவர் அரசாங்கப் பொதுமருத்துவமனையில் இறந்தார். டிசம்பர் 27ஆம் நாள் பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். சதிசெய்து கொலைக்கு ஏவினர் என்பது அவர்மீது சாட்டிய குற்றம். ஸ்ரீராமுலு நாயுடுவும் குற்றஞ்சாட்டப்பெற்றுப் பின் விடுவிக்கப்பட்டார்.

சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில், ஒன்பது ஜூரர்கள் அமர, வழக்கு நடைபெற்றது. ஜூரர்களுள் அறுவர் குற்றவாளி என்றனர்; மூவர் அன்று என்றனர். 1945 மே 3ஆம் நாள் இருவருக்கும் ஆயுள்காலத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே செய்த மேல்முறையீடும் தள்ளப்பட்டது.

நண்பர்களே, சென்னையின் அமைப்பை அறிந்தோர் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். உயர்நீதிமன்றத்திற்கும் பிராட்வேக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு சிறு நடையே. ஓரிடத்தில் அவரைக் காண மக்கள் காசு கொடுத்து வரிசையில் நின்றனர். மற்றோரிடத்தில் அவரைக் குற்றவாளிக் கூண்டில் காண அதே மக்கள் காசின்றிக் கூடினர். திரையில் ஹரிதாஸன் திருந்தி நல்லனாவதைக் கண்டு அழுதோர், கொட்டகையை விட்டு வெளியே வந்து, அவனாக நடித்தவன் கொலைஞனோ அன்றோ என்று வழக்காடினர். பாகவதர் சிறைப்பட்டமையால் ஹரிதாஸின் வசூல் குறையவில்லை என்பதனையும் நாம் மறைத்தல் தகாது. அது மக்களின் அன்போ அன்றி வேடிக்கை காணும் விருப்போ என்று பகுத்துரைத்தல் எளிதன்று. இரண்டும் கலந்தே இருந்தன என்று நாம் எண்ணுகின்றோம்.

விடுதலை

வழக்கு இலண்டன் பிரீவி கௌன்சில் வரை சென்றது. மேல்முறையீட்டை மீண்டும் கேட்கும்படி அது பணித்தது. பாரிஸ்டர் வி. எல். எதிராஜ் முதலியோர் வாதாட, 1947 ஏப்ரல் 25ஆம் நாள் உயர்நீதிமன்றம் பாகவதரையும் கிருஷ்ணனையும் குற்றமற்றவர் என விடுதலை செய்தது. கைதான நாள்முதற் கணக்கிட்டால் இரண்டு ஆண்டும் நான்கு திங்களும் கழிந்திருந்தன. அவர் வெளியே வருவதற்குச் சில திங்கள் முன்னரே ஹரிதாஸ் பிராட்வேயிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. கொட்டகையில் பாடிய குரல் ஓய்ந்த பின்னரே அக்குரலுக்கு உரியவர் வெளிவந்தார்.

அவர் சிறைப்பட்டபோது ஒப்பந்தமாகியிருந்த படங்கள் பல. அவற்றுள் உதயணன் கதையில் அவருக்குரிய வேடம் ஜி. என். பாலசுப்பிரமணியத்துக்குச் சென்றது. செல்வத்தின் பெரும்பகுதி வழக்கிற் கரைந்தது. விடுதலையான நாளில் அவருக்கு வயது முப்பத்தேழுதான். குரலும் பழுதுபடவில்லை. ஆதலின், அவர் மீண்டும் முன்னிலை அடைவார் என்றே பலரும் எதிர்பார்த்தனர்.

தம் சொந்த நிறுவனமாகிய நரேந்திரா பிக்சர்ஸ் சார்பில் அவர் ராஜமுக்தி என்னும் படத்தைப் பூனாவில் எடுத்தார். எம். ஜி. இராமச்சந்திரனும் வி. என். ஜானகியும் அதில் நடித்தனர். சிறுகதை மன்னர் புதுமைப்பித்தன் அதற்கு உரையாடல் எழுதப் பூனா சென்று, அங்கே காசநோய் முற்றி, 1948 ஜூன் 30ஆம் நாள் திருவனந்தபுரத்தில் காலமானார். அவ்வாண்டில் வெளிவந்த ராஜமுக்தி வெற்றி பெறவில்லை. 1952இல் அமரகவியும் சியாமளாவும் வந்தன. 1957இல் தாமே இயக்கிய புதுவாழ்வு வந்தது. அப்பெயரில் இருந்த நம்பிக்கை பலிக்கவில்லை.

இருவர், ஒரு சிறை

பாகவதரின் வீழ்ச்சிக்குச் சிறையே காரணம் என்று பலரும் கூறுவர். நாமும் முதலில் அங்ஙனமே எண்ணினோம். ஆயின், அதே வழக்கில், அதே தண்டனை பெற்று, அதே நாளில் விடுதலையான என். எஸ். கிருஷ்ணன் மீண்டும் நாடு போற்ற நடித்தார். நல்லதம்பி, மணமகள் முதலிய படங்கள் அவர்க்குப் புகழ் சேர்த்தன. 1957இல் அவர் மறையும்வரை மக்கள் அவரை மறக்கவில்லை. எனவே, சிறை ஒன்றையே காரணமாகச் சொல்லுதல் பொருந்தாது.

கிருஷ்ணனின் கலை நகைச்சுவை. காலம் மாறினால் நகைச்சுவையும் அதனோடு மாறிக்கொள்ளும். நேற்றைய சிறையையும் இன்றைய நகைப்பாக்கிக் கொள்ளும். பாகவதரின் கலை அத்தகையதன்று. புராண நாயகனாக நின்று பாடுவது அவர் கலை. அவர் சிறையிலிருந்த காலத்திலும் அதன் பின்னரும் தமிழ்ப் படவுலகம் பாட்டினின்றும் பேச்சுக்கு மாறிற்று. ஐம்பது பாட்டுக்கள் இருந்த இடத்தில் பத்துப் பாட்டுக்கள் நின்றன. 1948இல் வெளிவந்த சந்திரலேகா கண்ணைக் கவரும் பெருங்காட்சிகளால் வென்றது. 1952இல் வெளிவந்த பராசக்தி அனல் தெறிக்கும் உரையாடலால் வென்றது. பின்னணிப் பாட்டு முறை நிலைபெற்றமையால், நடிகன் பாடத் தெரிந்தவனாயிருத்தல் வேண்டும் என்னும் நியதியும் நீங்கிற்று. பாடுபவர் ஒருவர், வாயசைப்பவர் மற்றொருவர் என்றாயிற்று. பாகவதரைப்போற் பாடித் தொடங்கிய டி. எம். சௌந்தரராசன், பின்னாளில் தமக்கெனத் தனிநெறி வகுத்துப் பிற நடிகர்க்குப் பாடியே பெரும்புகழ் எய்தினார். பாகவதரின் எதிர்நிலையில் வைத்து எண்ணப்பட்ட பி. யு. சின்னப்பாவும் 1951இல் மறைந்தார். பாடும் நாயகர் என்னும் மரபே முடிவுக்கு வந்தது.

ஆகவே, சிறை அவரிடமிருந்து பறித்தது அவர் குரலையன்று; காலத்தோடு கலந்து மாறுவதற்கு வாய்த்திருந்த இரண்டரை ஆண்டுக்கு அண்மையான பொழுதினையே பறித்தது. உச்சியில் நின்றவன் உறங்கி விழித்தபோது மலையே இடம்பெயர்ந்திருந்தது. குற்றமற்றவர் என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்கலாம். கழிந்த நாளை மீட்டளிக்க எந்த மன்றத்திற்கும் அதிகாரம் இல்லை. பிழையான தண்டனை பிற்பாடு திருத்தப்பட்டது என்று ஆறுதல் கொள்வோர் இதனை நெஞ்சில் நிறுத்துவாராக.

இறுதி நாட்கள்

படங்கள் கைவிட்ட பின்னரும் பாகவதர் பாடுவதைக் கைவிடவில்லை. கோயில் விழாக்களிலும் இசையரங்குகளிலும் பாடினார். திருத்தலங்களுக்குச் சென்றார். நோய் அவர் உடலைப் பற்றியது. 1959 நவம்பர் முதல் நாளில், சென்னை அரசாங்கப் பொதுமருத்துவமனையில், தம் நாற்பத்தொன்பதாம் வயதில் அவர் உயிர் நீத்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் லட்சுமிகாந்தன் இறந்ததும் அம்மருத்துவமனையிலேயே. அவர் உடல் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் நடித்த பதினான்காவது படமாகிய சிவகாமி, அவர் மறைந்த பின் 1960இல் வெளிவந்தது.

பதினான்கு படங்கள் என்பது பெருந்தொகையன்று. பின்வந்த நடிகர் பலர் நூற்றுக்கணக்கிற் படங்களில் நடித்துள்ளனர். எனினும், தமிழில் மக்கள் கூட்டத்தின் அளவிறந்த காதலுக்கு ஒரு நடிகர் உரியவராதல் கூடும் என்பதை முதன்முதற் காட்டியவர் பாகவதரே. அக்காதல் எத்துணை விரைவில் வேறிடம் நாடும் என்பதை முதன்முதற் கண்டவரும் அவரே. இன்று திருச்சியில் அவர்க்கு மணிமண்டபம் உண்டு. அவர் பாடல்களைப் பாடுவோரும் கேட்போரும் உண்டு. உயிரோடிருந்தபோது விலகிய புகழ், உரியவர் இல்லாதபோது திரும்பி வந்திருக்கின்றது.

முடிவுரை

நாம் வாழும் கொடுங்கையூரை நகரத்தார் பலரும் ஒன்றைக்கொண்டே அறிவர். நகரம் தனக்கு வேண்டாவென எறிந்தவை எல்லாம் பல்லாண்டுகளாக வந்து குவிந்த மேடு இங்கே உள்ளது. அம்மேட்டைக் கிளறிப் பிழைப்போர் சிலரை நாம் அறிவோம். எறியப்பட்ட பொருள் யாவும் பயனற்றதன்று என்பதை அவர்கள் நன்கு அறிவார்கள். நேற்று ஒரு வீட்டின் நடுக்கூடத்தில் வீற்றிருந்த பொருள் இன்று குப்பையில் கிடக்கும். பழுது பெரும்பாலும் பொருளில் இராது, எறிந்தவர் மனத்திலேயே இருக்கும்.

பாகவதரின் வரலாற்றிலிருந்து மாணவராகிய நாம் கொள்ளத்தக்கன மூன்று என்று கருதுகின்றோம். எளிய குடியிற் பிறந்த ஒருவர் இடைவிடாப் பயிற்சியால் நாடு முழுவதையும் தம் குரலால் ஆளலாம் என்பது ஒன்று. ஒருவன்மீது எழும் பழிச்சொல்லை, அது மெய்யென நாட்டப்படுமுன் நாவினால் பரப்புதல், அவன் வாழ்நாளைத் திருடுதற்கு ஒப்பாகும் என்பது மற்றொன்று. அந்நாளில் அப்பணியைச் செய்ய ஒரு பத்திரிகை வேண்டியிருந்தது. இந்நாளில் ஒவ்வொருவர் கையிலும் அதற்குரிய கருவி இருக்கின்றமையால் நம் பொறுப்பு மிகுதி. புகழ்ந்த வாயினாலேயே கைவிடுதல் மக்கட் கூட்டத்தின் இயல்பு. அவ்வியல்புக்கு நாம் ஒவ்வொருவரும் சிறிதேனும் மாறுபட்டு நிற்றல் கூடும் என்பது மூன்றாவது.

நம் முதியவர் அங்ஙனம் மாறுபட்டு நின்றவருள் ஒருவர். அவர் 1948இல் ராஜமுக்தியையும் பார்க்கச் சென்றாராம். கொட்டகையில் இடம் ஏராளமாகக் காலியாயிருந்ததாம். படம் நன்றாயிருந்ததா என்று நாம் வினவியபோது அவர் அதற்கு விடை கூறவில்லை. பாகவதரின் குரல் அப்படியே இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு, வழக்கம்போல் பேச்சை நிறுத்திக்கொண்டார்.